கடைமடைப் பாத்தி

தலைமையாசிரியர் பேயாண்டிக்கு மண் ஆகாது. ஒவ்வாமை என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை, அவராகவே சொல்லிக்கொண்டார். மதுரை கோச்சடையில் இரண்டாவது மாடியில் வீடு வாங்கியபோது, இங்கே மண்ணே கிடையாது பார் என்று மனைவி ஜெயக்கொடியிடம் பெருமைப்பட்டார். அவள் பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். கொசு வரும் என்று அதைத் தூக்கிக் கீழ்வீட்டுக்குத் தானம் கொடுத்தார். கீழ்வீட்டுக்காரி அதிலிருந்தே கொத்துக் கொத்தாகப் பறித்து ஜெயக்கொடிக்குக் கொடுத்தனுப்பினாள். அதைத் தாளித்த குழம்பை மட்டும் அவர் இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

இந்த வெறுப்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு. மேலூருக்குக் கிழக்கே, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் அவருடையது. வந்து சேரும் என்பது ஒரு பேச்சுக்கு. பல வருஷம் வந்தது தண்ணீர் திறந்துவிட்ட செய்தி மட்டும்தான். முறை வரும் நாளில் அவருடைய அப்பா மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே மடைக்கு மடை சண்டைக்குப் போவார். சிறுவன் பேயாண்டி வயலில் முழங்கால் சேற்றில் காவல் நிற்பான். அப்பா ஜெயித்தாரா தோற்றாரா என்பது வாய்க்காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் தோற்றார். படித்து ஆளாகி, இனி ஒருத்தனிடமும் தண்ணீர் கேட்டு நிற்கக் கூடாது என்று அந்தச் சேற்றில் நின்றுதான் அவன் முடிவு செய்தான்.

முடிவு செய்தபடியே படித்தார். முதல் சம்பளத்தில் ஷூ வாங்கினார். அடுத்து பெயரை மாற்றினார். குலசாமி பெயர், ஆனால் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அரசிதழில் ‘பே. ஆண்டியப்பன்’ என்று வந்தது. அப்பாவின் இன்ஷியலை எடுத்துவிட்டு, பெயரிலிருந்த பேயை இன்ஷியலாக்கி, வாலில் ஒரு அப்பனை ஒட்டிக்கொண்டார். பெற்ற அப்பனுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. ஊரிலும், முதுகுக்குப் பின்னால் பள்ளியிலும் அவர் இன்றைக்கும் பேயாண்டிதான். நாமும் ஊரோடு ஒத்துப்போவோம்.

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது, சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருந்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். நல்லாசிரியர் விருது ஒன்று வாங்கிவிட்டு இறங்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அந்தச் சமயம் பார்த்துத்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் காய்கறித் தோட்டம் போட வேண்டும். திட்டம் போடுவதும் பராமரிப்பதும் பிள்ளைகளாகவே இருக்க வேண்டும். விளைவதைச் சத்துணவில் சேர்க்க வேண்டும்.

உத்தரவின் மற்ற வரிகளை விட்டுவிட்டு ‘தோட்டம்’ என்ற சொல்லை மட்டும் பேயாண்டி எடுத்துக்கொண்டார். பச்சைப் புல்வெளி, நடுவில் சரளைக்கல் பாதை, சிவப்பு இலைச் செடிகளால் பள்ளியின் பெயர், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அவர். இப்படி ஒரு படம் அவர் மனதில் உடனே விழுந்துவிட்டது. பொறுப்பை அறிவியல் ஆசிரியை ஸ்ரீலட்சுமியிடம் கொடுத்தார். மதுரைக்குள் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்து, பஸ் பிடித்து வந்துபோகும் பெண். பள்ளியில் அவள்தான் கடைசியாகச் சேர்ந்தவள், அதனால் எந்த வேலை வந்தாலும் அவளுடைய தகுதிக்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஸ்ரீலட்சுமி செய்த ஒரே தவறு, உத்தரவை முழுசாகப் படித்ததுதான். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து, என்ன போடலாம், எங்கே போடலாம், நீங்களே சொல்லுங்கள் என்றாள். நான்காம் வகுப்பு ஐஸ்கிரீம் பழம் கேட்டது. அப்படி ஒரு பழம் இல்லை என்று அதற்குப் புரியவைக்கவே ஒரு பீரியட் போயிற்று. கடைசியில் கை தூக்கச் சொல்லி கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை என்று முடிவானது. பாகற்காய்க்கு ஒரே ஒரு கைதான் எழுந்தது. அது சத்துணவுச் சமையல்காரி சீனியம்மாளுடையது. உனக்கு ஓட்டு இல்லை என்று பிள்ளைகள் அதையும் இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

வரைபடம் போட்டது எட்டாம் வகுப்பு ஆர்த்திகா. சுண்ணாம்புப் பொடியைக் கையில் அள்ளி மைதான ஓரத்தில் தரையிலேயே கோடு போட்டாள். குழாயடியிலிருந்து ஒரு வாய்க்கால்; அதை ஒட்டி வகுப்புக்கு ஒரு பாத்தி. குழாயை ஒட்டிய முதல் பாத்தி எட்டாம் வகுப்புக்கு. அடுத்தது ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. ஏன் இந்த வரிசை என்று ஐந்தாம் வகுப்புச் சுடலை கேட்டதற்கு, பெரிய வகுப்பு முதலில், அதுதான் முறை என்றாள். திட்டம் போடுகிறவர் பாத்தி குழாயடியில்தான் இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. பிள்ளைகள் அதைத் தாமாகவே தெரிந்துவைத்திருந்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் பேயாண்டிக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை. பள்ளியில் சாப்பிடுகிற எல்லாருக்கும் பாத்தி உண்டு என்று பிள்ளைகளின் தோட்டக் குழு தீர்மானம் போட்டுவிட்டது. தினமும் சத்துணவில் ருசி பார்க்க ஒரு தட்டு வாங்கி, ருசி பிடிபடாமல் இன்னொரு தட்டும் வாங்குகிற தலைமையாசிரியருக்கு நான்காம் வகுப்புக்கும் அடுத்து, வாய்க்காலின் வாலில், ஆறாவது பாத்தி ஒதுக்கப்பட்டது. பலகையும் நட்டார்கள்: ‘தலைமை ஆசிரியர் பாத்தி’.

பலகையைப் பார்த்துப் பேயாண்டி நெகிழ்ந்துபோனார். அது கடைமடை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. பொங்கல் கழிந்து விதை போட்ட அன்று ஒரு கூட்டம் போட்டு, முக்கால் மணி நேரம் பேசினார். நீர் மேலாண்மை என்றார், ஒழுக்கம் என்றார். அடுத்த வகுப்பின் தண்ணீரைத் திருப்புகிறவர் யாராக இருந்தாலும், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஒரு வாரம் அந்த வகுப்புக்கு வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று அவரே தண்டனையும் அறிவித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆர்த்திகா கை தட்டாமல் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மாசி பிறந்ததும் ஆழ்துளைக் குழாயில் தண்ணீர் சுண்டியது. பள்ளி விட்டபிறகு அரைமணி நேரம்தான் மோட்டார் ஓடும் என்றானது. நாளுக்கு ஒரு வகுப்பு என்று முறை வைத்தார்கள். வாரத்தில் வேலை நாள் ஐந்து, பாத்தி ஆறு. தலைமையாசிரியருக்கு எந்த நாள் என்று யோசித்த குழு, நான்காம் வகுப்பு பாய்ச்சி மீந்தது அவருக்கு என்று முடித்துவிட்டது. நான்காம் வகுப்பு ஒரு நாளும் எதையும் மீத்ததில்லை. பாத்தியில் பாய்ந்தது போக மிச்சத்தில் கால் கழுவி, கை கழுவி, ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அவருடைய வெண்டை முளைவிட்டு, நாலு இலை விட்டு, அப்படியே வாடி நின்றது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி தோட்டம் பார்க்க வருகிறார், விருதுக்குப் பெயர் அனுப்புகிறவரும் அவர்தான் என்று தகவல் வந்த அன்றுதான், ஷூவோடு பாத்தி வரை நடந்து போய்ப் பார்த்தார். எட்டாம் வகுப்புக் கத்தரி கருகருவென்று மொட்டு விட்டிருந்தது. கீழே வர வர இலை சிறுத்து, நிறம் வெளுத்து, கடைசியில் தன் பெயர்ப் பலகைக்குக் கீழே சருகு. பலகை மட்டும் செழிப்பாக இருந்தது.

ஆர்த்திகாவைக் கூப்பிட்டு, குழைந்த குரலில், எட்டாம் வகுப்பு முறையன்று கொஞ்சம் தண்ணீரைக் கீழே விடலாமே என்றார்.

“முறைனா முறைதான் சார்,” என்றாள் அவள். “உங்களுக்குனு விட்டா ஏழாப்புக்காரங்க கேப்பாங்க. நாலாப்புல மீந்தா வரும் சார்.”

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவிடம் மேல்மடைக்காரர்கள் சொன்ன அதே பதில். தான் படித்தது, பெயரை மாற்றியது, மாடியில் வீடு வாங்கியது எல்லாம் இந்தப் பிள்ளைக்குத் தெரியாதா என்று முணுமுணுத்துக்கொண்டே பேயாண்டி அறைக்குத் திரும்பினார்.

வியாழக்கிழமை ஐந்தாம் வகுப்பு முறை. பள்ளி விட்டு, ஆசிரியர்கள் பஸ்ஸுக்குப் போய், மைதானம் காலியாக இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, காவலுக்கு நிற்க வேண்டிய சுடலையைக் காணோம். பேயாண்டி சுற்றும் முற்றும் பார்த்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். மம்பட்டி இருக்கும் அறையின் சாவி ஆர்த்திகாவிடம். அதனால் குனிந்து, இரண்டு கையாலும் ஐந்தாம் வகுப்பு மடையில் மண்ணை அள்ளிப் போட்டு அடைத்து, வாய்க்காலைக் கீழே திறந்துவிட்டார். நான்காம் வகுப்புப் பாத்தியின் வாயையும் காலால் மிதித்து மூடினார். கை ஒன்றையும் மறக்கவில்லை. தண்ணீர் நெளிந்து நெளிந்து வந்து அவருடைய பாத்தியில் தலையை நுழைத்தபோது, அவர் வாயைத் திறந்து சிரித்தபடி சேற்றில் நின்றார். விருது, அதிகாரி எதுவும் அந்த நேரம் அவர் நினைவில் இல்லை. தண்ணீர் தன் பக்கம் வருகிறது, அது போதும்.

“சார், அது எங்க தண்ணி,” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

புளியம்பழம் பறிக்க மரத்தில் ஏறியிருந்த சுடலை, கிளையில் குதிரை ஏறியவன்போல் உட்கார்ந்து முழுவதையும் பார்த்திருந்தான். பேயாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சட்டையின் முதுகில் பத்து விரலும் பதிந்தன. பையனைக் கீழே இறக்கி, தோளில் தட்டி, யாரிடமும் சொல்லாதே என்று சட்டைப் பையிலிருந்த நல்ல பேனாவைக் கொடுத்தார். சுடலை பேனாவை வாங்கிக்கொண்டான். எல்லாரிடமும் சொன்னான். சொன்னதோடு, அத்தாட்சிக்குப் பேனாவையும் காட்டினான்.

மறுநாள் காலை ஆர்த்திகா, உள்ளே வரலாமா என்று முறைப்படி கேட்டுக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் வந்தாள். பின்னால் தோட்டக் குழு. வாசலில் ஸ்ரீலட்சுமி, உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரில் இருந்த நாள்காட்டியை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து சாயங்காலம் அஞ்சாப்பு மடைய யாரு சார் அடச்சது?”

“சுத்திப் பாக்கப் போனேம்மா. கால் தட்டி மண்ணு சரிஞ்சிருக்கும்.”

“வெறுங்கால் தடமா இருக்கு சார். நீங்க ஷூ கழட்ட மாட்டீங்கல்ல?”

பேயாண்டி மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார். கடைசியில், நடந்தது என்னவோ நடந்துவிட்டது, தண்டனை என்று ஒன்று இருந்தால் அதை அதிகாரி வந்து போனபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று வாய்தா கேட்டார். பிள்ளைகள் வெளியே போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்து, சரி என்றார்கள்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் பேயாண்டி கோச்சடைப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனார். காயும் பழமுமாக இருந்த கத்தரி, தக்காளிச் செடிகளைப் பேசி, இரண்டு நாள் வாடகைக்குத் தன் காரிலேயே ஏற்றிவந்தார். கறுப்புப் பையோடு அப்படியே பாத்தியில் புதைத்தார்கள். ஒரே நாளில் கடைமடை சொர்க்கமாயிற்று.

காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி வெயில் உச்சிக்கு ஏறியபிறகு வந்தார். அதுவரை காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு பிள்ளைகள் பாத்திக்குப் பாத்தி நின்றார்கள். நான்காம் வகுப்பில் ஒருத்தி மயங்கி உட்கார்ந்தாள். அவளுடைய தொப்பியை அடுத்தவளுக்குப் போட்டு இடத்தை நிரப்பினார்கள். அதிகாரி போனில் பேசிக்கொண்டே ஐந்து பாத்திகளைக் கடந்தார். ஆறாவதில் நின்றார். இவ்வளவு சீக்கிரம் காய்த்திருக்கிறதே, என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டார். எல்லாம் இயற்கை முறைதான் என்றார் பேயாண்டி. அப்போது சுடலை குனிந்து, தக்காளிச் செடியின் அடியில் எட்டிப் பார்த்த கறுப்புப் பிளாஸ்டிக்கை மண்ணைத் தள்ளி மூடினான்.

“பை தெரிஞ்சது சார்,” என்றான், அவர் காதோரம்.

அதில் கேலி இல்லை, உண்மையான அக்கறைதான். வகுப்பில் எது கற்றானோ இல்லையோ, பெரியவர்கள் வரும்போது எதை மூட வேண்டும் என்பதைக் கற்றிருந்தான். அதிகாரி ஒரு தக்காளியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு, மற்ற பாத்திகளிலும் தலைமையாசிரியரைப் பின்பற்றுங்கள் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். படம் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது. பெயரை நிருபர் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். ‘தலைமை ஆசிரியர் பேயாண்டி’ என்றே அச்சாகியிருந்தது.

நர்சரிக்காரர் செடிகளை எடுத்துப் போனார். குழிகளோடு பாத்தி கிடந்தது. வாய்தா முடிந்தது என்று ஆர்த்திகா வந்து நின்றாள்.

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் கொடிக்காலுக்குப் போகிற பெண்கள் உட்பட ஊரே அந்த வாளிக்காகக் காத்திருந்தது. ஷூவோடு சுமந்தார். முதல் நாள் பாதி தண்ணீர் ஷூவுக்குள் போனது. மறுநாள் வெறுங்காலோடு வந்தார். சீனியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வாளிய எடக்கைக்கு மாத்திப் பிடிங்க சார், இடுப்பு பிடிச்சுக்கும் என்று மட்டும் சொன்னாள். கீழே பார்த்துக்கொண்டு நடந்ததால் அவர் எல்லாப் பாத்தியையும் பார்த்தார். எட்டாம் வகுப்புப் பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்று பாசி பிடித்திருந்தது. அதைக் கண்டதும் அவருக்குள் அப்பா மம்பட்டியோடு எழுந்து நின்றுவிட்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் பேயாண்டி போராளி ஆகிவிட்டார். முறை கடைசியிலிருந்து தொடங்க வேண்டும், கடைமடைக்கே முதல் தண்ணீர் என்று இறைவணக்கக் கூட்டத்தில் பேசினார். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டு, நூறு வருஷத்து அநீதியை விளக்கினார். அநீதி புரியாதவர்களுக்குக் கடலைமிட்டாய் கொடுத்தார். புரிந்தவர்களும் புரியாததுபோல் நின்று இரண்டாவது மிட்டாய் வாங்கினார்கள். ஓட்டெடுப்பில் ஆர்த்திகா தோற்றாள். தோல்வியை அவள் அழாமல் ஏற்றுக்கொண்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

“அடுத்த ஓட்டெடுப்புக்கு நாங்களும் மிட்டாய் குடுக்கலாமா சார்?”

அது ரொம்பத் தப்பும்மா என்றார் பேயாண்டி.

வாய்க்காலைத் திருப்பி வெட்டி, குழாயிலிருந்து நேராகக் கீழே கொண்டுபோனார்கள். இப்போது முதல் தண்ணீர் தலைமையாசிரியர் பாத்திக்கு. புது வெண்டை விதை தளதளவென்று வந்தது. முதலில் பாத்தி நனைந்தால் போதும் என்றிருந்தார். பிறகு ஓரமும் நனைய வேண்டும் என்றார். பிறகு வெயில் அதிகம், கொஞ்சம் தேங்கினால் நல்லது என்றார். நான்காம் வகுப்பு காய்ந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து சுடலை வந்து, அம்புட்டுத் தண்ணியும் உங்க பாத்திலயே நிக்குது சார் என்று முறையிட்டான். அவன் மிட்டாய் வாங்கி ஓட்டுப் போட்டவன்.

“முறைனா முறைதான்ப்பா,” என்றார் பேயாண்டி. சொன்னபிறகு அந்த வார்த்தை எங்கேயோ கேட்டதுபோல் அவருக்கு ஒரு கணம் இடித்தது. ஆனால் மேல்மடைக்கு வந்தபின் காது ஒரு மாதிரி அடைத்துக்கொள்கிறது. வாளியில் ஏதாவது ஊற்றிக்கொள் என்று அனுப்பிவைத்தார். ஸ்ரீலட்சுமி மட்டும், பிள்ளைகளோடு சேர்ந்து சத்துணவுக்கூடத்தில் கை கழுவும் தண்ணீரைப் பிடித்து நான்காம், ஐந்தாம் பாத்திகளுக்குத் திருப்பும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குத் திட்டம் போட்டவள் ஆர்த்திகா. இந்தத் தடவை குழாயடி எட்டாம் வகுப்பின் பக்கம் இல்லை, அதனால் அவளுடைய திட்டம் நன்றாகவே இருந்தது. கோடை விடுமுறைக்கு முன்னால் அவர்களுடைய கீரையும் கத்தரியும் மூன்று தடவை சாம்பாரில் விழுந்தன.

விருது வேறொரு பள்ளிக்குப் போனது. அங்கே பள்ளியின் பெயரைச் சிவப்பு இலைச் செடிகளில் எழுதியிருந்தார்களாம்.

பேயாண்டி அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் வெண்டைக்காய் பறித்தார். எவ்வளவு பெரிதாகிறது பார்ப்போம் என்று யாரையும் பறிக்கவிடாமல் செடியிலேயே விட்டுவைத்த காய்கள், ஒவ்வொன்றும் விரலைவிட நீளம். சத்துணவில் சேர்க்க வேண்டியதை, தலைமையாசிரியர் பாத்திக்கு அந்த விதி பொருந்தாது என்று முடிவு செய்து, செய்தித்தாளில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஜெயக்கொடி முன்னால் பிரித்து வைத்தார்.

அவள் ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தாள். ஒடியவில்லை, வளைந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வளைந்தது.

“முத்திப்போச்சுங்க. ஒண்ணுகூட ஆகாது.”

“மேல மட்டும்தான் அப்படி இருக்கும். நீ வையி.”

அவள் அத்தனையையும் நறுக்கிப் புளிக்குழம்பு வைத்தாள். தட்டில் போட்டதும் பேயாண்டி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். நார் பல்லில் சிக்கிக்கொண்டது. விதை கடக் கடக்கென்றது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் நாரைத் துப்பாமல், தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார்.

“பிஞ்சாத்தான் இருக்கு,” என்றார்.